வாக்கியக் கணக்கை உருபு பிடிச்சுப் போடுறது எப்படி: காரணி, கோவை, அசமன்பாடு மூணுக்கும் முழு வழிகாட்டி

எங்க தெருப் பசங்க அஞ்சாறு பேர் சாயங்காலம் ஆறரைக்கு நம்ம வீட்டு மொட்டை மாடிக்கு வந்துடுவாங்க, ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்கும் கலந்து கட்டி. பாயை விரிச்சு நோட்டைப் பிரிச்ச அஞ்சாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் கேக்கப் போற முதல் கேள்வி என்னன்னு நான் இப்பவே சொல்லிடுவேன்: "அக்கா, இது கூட்டலா பெருக்கலா?" கணக்கை முழுசாப் படிச்சியாடான்னு கேட்டா முழிப்பான். அதுல இருந்த ரெண்டு நம்பரை மட்டும் பார்த்திருப்பான், அவ்வளவுதான்.

ஒருநாள் சும்மா விளையாட்டுக்கு ஒண்ணு கேட்டேன். ஒரு கப்பல்ல 26 செம்மறி ஆடு, 10 வெள்ளாடு இருக்கு, கப்பல் கேப்டனுக்கு வயசு என்ன? ரெண்டு பேர் உடனே 36ன்னாங்க, ஒருத்தன் 16ன்னான். ஒரே ஒரு பொண்ணு மட்டும் "என்னக்கா கேள்வி இது"ன்னு சிரிச்சா. இது நம்ம பசங்களுக்கு மட்டும் இருக்கிற வியாதி இல்ல, இதே கேள்வியை 1979 வாக்குல பிரான்ஸ்ல கிரெனோபிள்ங்கற ஊர்ல சின்ன வகுப்புப் பிள்ளைங்ககிட்ட கேட்டப்பவும் முக்கால்வாசிப் பேர் நம்பரைப் பிடிச்சு ஏதோ ஒண்ணைப் பண்ணி விடைன்னு எழுதிட்டாங்க. கணக்குன்னா நம்பரைக் கலக்குறதுன்னு எங்கயோ மனசுல பதிஞ்சு போயிருக்கு.

எனக்கு இதுல ஒரு உறுதியான அபிப்பிராயம் உண்டு. "மொத்தம்னா கூட்டல், மீதின்னா கழித்தல்"னு ஒரு பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கிறாங்களே, அது ஆறாவது தாண்டினா உதவாது, குழிதான் பறிக்கும். அதுக்குப் பதிலா தமிழ் இலக்கண வகுப்புல படிச்ச வேற்றுமை உருபு இருக்கே, ஐ, ஆல், கு, இருந்து, அதைப் பிடிச்சாலே பாதிக் கணக்கு தானா நேராகிடும். எப்படின்னு வரிசையாப் பார்ப்போம். அதுக்கு முன்னாடி தலைப்புல இருக்கிற மூணு பேருக்கும் அர்த்தம்: காரணின்னா ஒரு எண்ணை மிச்சமில்லாம வகுக்கிற எண், கோவைன்னா 3எ − 5 மாதிரி எண்ணும் எழுத்தும் சேர்ந்தது, அசமன்பாடுன்னா ஒண்ணு இன்னொண்ணை விடப் பெருசு, சின்னதுன்னு குறி போட்டுச் சொல்றது.

கடைசி வரியில இருந்து ஆரம்பிங்க

கணக்கோட கதை எவ்வளவு நீளமா இருந்தாலும் கேள்வி கடைசி வரியிலதான் இருக்கும். அதை முதல்ல படிச்சு, அதையே விடை எழுதுற வாக்கியமா மாத்தி, நம்பர் வர்ற இடத்துல ஒரு கோடு விட்டு வைங்க. "எத்தனை பாக்கெட் போடலாம்?"னு கேட்டிருந்தா நோட்டுல "____ பாக்கெட் போடலாம்"னு எழுதிடணும். விடையில வரப் போறது பாக்கெட்டா, லட்டா, ரூபாயா, மணியான்னு இப்பவே முடிவாகிடும். பசங்க பத்துல நாலு தடவை கணக்கைச் சரியாப் போட்டுட்டு கேக்காததை விடையா எழுதிட்டு வருவாங்க, அப்பா வயசைக் கேட்டா மகள் வயசை எழுதுவாங்க, மார்க் போயிடும்.

அதுக்கப்புறம் முதல் வரியில இருந்து ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சு, புத்தகத்தை மூடிட்டு கதையை நம்ம பேச்சுத் தமிழ்ல பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லணும். நம்பர் மறந்தா பரவாயில்ல, கதை மறக்கக் கூடாது. சொல்ல வரலைன்னா புரியலைன்னு அர்த்தம், பென்சிலைக் கீழ வைங்க.

எழுத்து வைக்கிறப்போ ஒரு எச்சரிக்கை

தெரியாத எண்ணுக்கு எக்ஸ்னே போடணும்னு சட்டம் இல்ல. நான் வயசுக்கு 'வ', தூரத்துக்கு 'தூ', ஏதோ ஒரு எண்ணுக்கு 'எ'ன்னு வைக்கச் சொல்வேன், பரீட்சையில வேணும்னா எக்ஸ்னு மாத்திக்கலாம். ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு. ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சருக்கு 6 மாணவர்னு வைங்க. டீச்சர் எண்ணிக்கை 'டீ', மாணவர் எண்ணிக்கை 'மா'. இப்ப சமன்பாடு எழுதுங்கன்னா காலேஜ் படிச்சவங்களே 6மா = டீ ன்னு எழுதுவாங்க, ஏன்னா "ஆறு மாணவர், ஒரு டீச்சர்"னு வாயில வர்ற வரிசையிலயே கையும் போகுது. 10 டீச்சர் இருந்தா 60 மாணவர் இருக்கணும்ல, அதை வச்சுப் பாருங்க: 6 × 60 = 10 ஆகுமா? ஆகாது. சரியானது மா = 6டீ. 'மா'ன்னா மாணவர் இல்ல, மாணவர்களோட *எண்ணிக்கை*. நோட்டுல "மா = மாணவர் எண்ணிக்கை"ன்னு முழுசா ஒரு வரி எழுதிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகணும்னு நான் அடம் பிடிக்கிறது இதுக்குத்தான்.

உருபைப் பாருங்க, வரிசையைப் பார்க்காதீங்க

ராமன் ராவணனைக் கொன்றான். ராவணனை ராமன் கொன்றான். வார்த்தையைத் திருப்பிப் போட்டாலும் செத்தது ராவணன்தான், ஏன்னா 'ஐ' அவன் மேலதான் ஒட்டியிருக்கு. கணக்குலயும் அப்படியே.

"20இலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க." இது 20 − எ. "ஓர் எண்ணை 20இலிருந்து கழிக்க." இதுவும் 20 − எ தான்! எண் முதல்ல வந்திருக்கேன்னு எ − 20ன்னு எழுதினா அவுட். 'இலிருந்து' எதுல ஒட்டியிருக்கோ அது முன்னாடி நிக்கும், 'ஐ' ஒட்டினது அதுல இருந்து போகும். பானையில இருந்து தண்ணியை எடுத்தோம், தண்ணியைப் பானையில இருந்து எடுத்தோம், ரெண்டுலயும் குறையறது பானைதான்.

வகுத்தலுக்கு 'ஆல்'. கத்தியால வெட்டுறோம், வெட்டுப்படறது பழம், வெட்டுறது கத்தி. 'ஆல்' எதுல இருக்கோ அது கத்தி, அது கீழ போகும். "72ஐ ஓர் எண்ணால் வகுக்க" 72/எ. "ஓர் எண்ணை 72ஆல் வகுக்க" எ/72. இதை ஒரு தடவை மாம்பழம் கத்தி வச்சுச் சொல்லிக் குடுத்தேன், அதுக்கப்புறம் அந்தப் பசங்க யாரும் தப்பு பண்ணினதே இல்ல.

அடுத்து 'விட'. "ஓர் எண்ணின் 3 மடங்கை விட 5 குறைவு." தமிழ்ல படிக்கிற வரிசையிலயே எழுதிட்டுப் போகலாம்: எண், அதுக்கு 3 மடங்கு, அதுல 5 குறைவு, அதாவது 3எ − 5. தமிழ் மீடியம் பசங்களுக்கு இது ஒரு பெரிய வசதி, யாரும் சொல்லிக் குடுக்கிறதில்ல. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்கு அதே வாக்கியம் 5ல ஆரம்பிக்கும், கடைசியிலதான் எண்ணே வரும், அதனால அவங்க 5 − 3எ ன்னு எழுதித் தொலைச்சிடுவாங்க. எங்கிட்ட வர்ற ஏழாவது படிக்கிற பொண்ணு இங்கிலீஷ் மீடியம்தான், அவகிட்ட நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "முதல்ல மனசுல தமிழ்ல சொல்லு, அப்புறம் எழுது." அதோட சரியாகிடுச்சு.

அடைப்புக்குறி எங்க வரும்? இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஓர் எண்ணின் 3 மடங்கை விட 5 குறைவு: 3எ − 5
ஓர் எண்ணை விட 5 குறைவான எண்ணின் 3 மடங்கு: 3(எ − 5)

எண் 10ன்னா முதலாவது 25, ரெண்டாவது 15. ரெண்டாவதுல "குறைவான எண்"ணுன்னு ஒரு பெயரெச்சம் வந்து ஒரு புது எண்ணையே உருவாக்கிடுச்சு, அதுக்கு அப்புறம்தான் 3 மடங்கு. 'ஆன எண்', 'கூட்டிய எண்', 'கழித்த எண்'ணுன்னு எச்சம் வந்து எண்ணுல முடிஞ்சா அங்க அடைப்பை மூடிடுங்க. தமிழ் வாத்தியார் எச்சம் நடத்துனப்போ தூங்கினவங்க இங்க கஷ்டப்படுவாங்க (நானும் தூங்கினவதான்).

இன்னொண்ணு, "3 மடங்கு அதிகம்". 3 மடங்குன்னா 3எ. 3 மடங்கு *அதிகம்*னா கண்டிப்பாப் பார்த்தா எ + 3எ, நாலு மடங்கு, ஆனா பேச்சுல ரெண்டையும் ஒண்ணாத்தான் சொல்றோம். எனக்கே இந்தச் சொல்லைக் கண்டா எரிச்சல். நீங்க கணக்கு உருவாக்குறவங்களா இருந்தா தயவுசெஞ்சு அதைப் போடாதீங்க.

கோவைக்கு ஒரு நிஜக் கணக்கு: ஆட்டோ மீட்டர்

2013ல சென்னையில ஆட்டோ கட்டணத்தைத் திருத்தினாங்க, முதல் 1.8 கிமீக்கு 25 ரூபா, அதுக்கு மேல ஒவ்வொரு கிமீக்கும் 12 ரூபா. மீட்டர் போட்டு ஓட்டினாங்களாங்கறது வேற கதை, நமக்குக் கணக்கு வேணும். தூரம் 'தூ' கிமீன்னா கட்டணம் என்ன?

பசங்க கண்ணை மூடிட்டு 25 + 12தூ ன்னு எழுதுவாங்க. 7 கிமீக்கு அது 109 ரூபா ஆகும். ஆனா முதல் 1.8 கிமீக்கான காசு ஏற்கனவே அந்த 25குள்ள இருக்கே, அதுக்கும் சேர்த்து ரெண்டாவது தடவை வாங்கினா சவாரிக்கு வந்தவர் சண்டைக்கு வருவார்ல. 12 ரூபா எதுக்கு? "அதுக்கு மேல" போற தூரத்துக்கு மட்டும், அதாவது (தூ − 1.8)க்கு.

கட்டணம் = 25 + 12(தூ − 1.8)

7 கிமீன்னா 7 − 1.8 = 5.2, அதை 12ஆல பெருக்கினா 62.40, கூட 25, மொத்தம் 87 ரூபா 40 காசு. அடைப்பை விரிச்சா 12தூ + 3.4ன்னு வரும், பார்க்கச் சின்னதா இருக்கும் ஆனா அதுல கதை காணாமப் போயிடும், அதனால விரிக்காமலே வைக்கிறதுதான் எனக்குப் பிடிக்கும். இந்தக் கோவை தூரம் 1.8க்குக் குறையாம இருந்தாத்தான் செல்லும், 1 கிமீ போனாலும் 25தான். "எப்ப செல்லும்"னு பக்கத்துல ஒரு வரி எழுதுற பழக்கம் வந்துட்டா பாதி அசமன்பாடு அங்கயே வந்துடுச்சு.

வயசுக் கணக்குல ஒரே ஒரு தப்புதான் எல்லாரும் பண்ணுவாங்க, அதனால சுருக்கமா. அப்பா வயசு மகள் வயசைப் போல 4 மடங்கு, 5 வருஷம் கழிச்சு 3 மடங்கு ஆகும். மகள் வ, அப்பா 4வ. 5 வருஷம் ஓடினா *ரெண்டு பேருக்கும்* ஓடும், அப்பாவுக்கு மட்டும் வயசாகாது. 4வ + 5 = 3(வ + 5), விரிச்சா 4வ + 5 = 3வ + 15, வ = 10. மகளுக்கு 10, அப்பாவுக்கு 40, அஞ்சு வருஷத்துல 15, 45, சரியா 3 மடங்கு.

காரணியா மடங்கா

பேர்லயே குழப்பம் ஆரம்பிக்குது. நம்ம ஊர்ப் புத்தகத்துல மீப்பெரு பொதுக் காரணி (மீ.பெ.கா), மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம)ன்னு ஒரு வகுப்புல இருக்கும், பெரிய வகுப்புக்குப் போனா அதையே மீ.பொ.வ, மீ.பொ.மன்னு எழுதியிருப்பாங்க. இலங்கைப் பிள்ளைங்க பொ.கா.பெ, பொ.ம.சின்னு படிப்பாங்க. எல்லாம் ஒண்ணுதான், பயப்படாதீங்க. இன்னொரு குழப்பம், 'மீப்பெரு'ன்னு பேர் வச்சதோட விடை சின்னதா வரும், 'மீச்சிறு'வோட விடை பெருசா வரும். மீப்பெரு காரணி கொடுத்த எண்கள்ல சின்னதைத் தாண்டவே தாண்டாது, மீச்சிறு மடங்கு பெரிய எண்ணுக்குக் கீழ வரவே வராது. விடை வந்ததும் இந்த ஒரு பார்வை பார்த்தாலே தலைகீழாப் போட்டது தெரிஞ்சிடும்.

எதைப் போடறதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? "அதிகபட்சம்"னு வார்த்தை வந்தா மீ.பெ.கான்னு மனப்பாடம் பண்ணாதீங்க, கதையைப் பாருங்க. இருக்கிறதை *பங்கு போடறோம்னா*, வெட்டறோம்னா, சமமாப் பிரிக்கிறோம்னா அது காரணி. ஒண்ணு திரும்பத் திரும்ப *நடந்து* எங்கயாவது ஒண்ணா வந்து சேருதுன்னா அது மடங்கு.

தீபாவளிக்கு 84 லட்டும் 126 அதிரசமும் இருக்கு, எல்லாப் பாக்கெட்டும் ஒரே மாதிரி இருக்கணும், ஒண்ணும் மிஞ்சக் கூடாது, அதிகபட்சம் எத்தனை பாக்கெட் போடலாம்? பிரிக்கிறோம், அப்ப காரணி.

84 = 2 × 2 × 3 × 7
126 = 2 × 3 × 3 × 7

ரெண்டுலயும் பொதுவா இருக்கிறது ஒரு 2, ஒரு 3, ஒரு 7, பெருக்கினா 42. 42 பாக்கெட், ஒவ்வொண்ணுலயும் 2 லட்டு, 3 அதிரசம். இங்க 42ங்கறது பாக்கெட் எண்ணிக்கை, பாக்கெட்ல இருக்கிற லட்டு இல்ல. முதல்ல எழுதி வச்ச "____ பாக்கெட் போடலாம்" வரி இப்பத்தான் காப்பாத்தும்.

எண் முரட்டுத்தனமா இருந்தா, 391, 299ன்னு குடுத்தா, பகாக் காரணி கண்டுபிடிக்கவே நேரம் போயிடும். அதுக்கு யூக்ளிட் வழி, சுமார் 2300 வருஷப் பழசு. பெரிசுல இருந்து சிறிசைக் கழிச்சுக்கிட்டே வரணும். 391 − 299 = 92. 299ல 92 மூணு தடவை போக 23 மிச்சம். 92ல 23 சரியா நாலு தடவை, மிச்சம் இல்ல. அப்ப 23தான் விடை. எங்க மாடியில இதைக் காட்டினா பசங்க மேஜிக் பார்க்கிற மாதிரி பார்ப்பாங்க. ரெண்டு எண்ணையும் சமமா வெட்டற எதுவும் அதோட வித்தியாசத்தையும் சமமா வெட்டும், அதனாலதான் கழிச்சுக்கிட்டே போனாலும் அது தப்பிக்கிறதில்ல.

இப்ப கதையைக் கொஞ்சம் திருகுவோம். 88 லட்டு, 129 அதிரசம், எல்லாப் பாக்கெட்லயும் சமமாப் போட்டதுல 4 லட்டும் 3 அதிரசமும் மிஞ்சிச்சு. மிஞ்சினதை முதல்ல ஓரமா எடுத்து வச்சிடுங்க, 84, 126 ஆச்சு, பழைய கணக்கு வந்தாச்சு. ஆனா பாக்கெட் எண்ணிக்கை 4ஐ விடப் பெருசா இருக்கணும். 3 பாக்கெட்தான்னா மிஞ்சின 4 லட்டுல பாக்கெட்டுக்கு ஒண்ணு போட்டிருக்கலாமே. 42ஓட காரணிகள் 1, 2, 3, 6, 7, 14, 21, 42. முதல் மூணும் போச்சு, மிச்சம் இருக்கிறதுல எதுவும் ஆகலாம், அதிகபட்சம்னா 42.

மடங்குக்குப் பஸ். பஸ் ஸ்டாண்டுல மூணு டவுன் பஸ், 12, 18, 20 நிமிஷத்துக்கு ஒண்ணு கிளம்புது. காலைல 6 மணிக்கு மூணும் ஒண்ணாக் கிளம்பிச்சு. அடுத்து எப்ப? 12 = 2 × 2 × 3, 18 = 2 × 3 × 3, 20 = 2 × 2 × 5. ஒவ்வொரு பகா எண்ணும் எதுல அதிகமா இருக்கோ அத்தனை எடுத்துக்கணும்: ரெண்டு 2, ரெண்டு 3, ஒரு 5, ஆக 180 நிமிஷம், 3 மணி நேரம், 9 மணிக்கு. இதோட விட்டா நல்ல கணக்கு, ஆனா கேள்வித்தாள் எடுக்கிறவங்க விட மாட்டாங்க, "இரவு 9 மணி வரை எத்தனை முறை ஒன்றாகக் கிளம்பும்?"னு கேப்பாங்க. 15 மணி நேரத்தை 3ஆல வகுத்து 5ன்னு எழுதினா தப்பு. 6, 9, 12, 3, 6, 9, எண்ணிப் பாருங்க, ஆறு. முதல் 6 மணியை மறந்துடறோம். வேலிக்குக் கல் ஊனுறவங்களைக் கேளுங்க, இடைவெளியை விடக் கல்லு ஒண்ணு கூடத்தான் வேணும்.

ரெண்டு எண்ணோட பெருக்கல் = மீ.பெ.கா × மீ.சி.மன்னு ஒரு சூத்திரம் இருக்கு, அது *ரெண்டு* எண்ணுக்கு மட்டும்தான். மூணு எண்ணுக்குப் போடாதீங்க. 2, 4, 8ஐ எடுத்தா பெருக்கல் 64, ஆனா 2 × 8 வெறும் 16.

அசமன்பாடு: 'ஆமல்' பண்ற வேலை

இங்கதான் தமிழ் வார்த்தை பசங்களைக் கவுத்து விடுது. "குறைந்தபட்சம் 35 மதிப்பெண் வேண்டும்." 'குறை'ன்னு இருக்கே, போடு சின்னக் குறி, ம < 35! அப்படின்னா ஃபெயிலானவங்கதான் பாஸு. நேத்து ஒருத்தன் இப்படித்தான் எழுதினான், உனக்கு 20 மார்க் வந்தா பாஸாடான்னு கேட்டதும் தானே அழிச்சான்.

இதுக்கு ஒரு இலக்கண வழி இருக்கு. "35க்குக் குறைவு"ன்னா <. அதோட எதிர்மறை "35க்குக் குறையாமல்". எதிர்மறை வந்ததும் குறி திரும்பும், *கூடவே சமக்குறியும் ஒட்டிக்கும்*, ≥. ஏன் சமம் ஒட்டுது? சரியா 35 எடுத்தவன் குறைஞ்சவனா? இல்ல. அப்ப அவன் 'குறையாமல்' கூட்டத்துல வந்தாச்சு. அதே மாதிரி "60க்கு மிகுந்து" >, "60க்கு மிகாமல்" ≤. 'ஆமல்'ங்கறதைக் கண்டா குறியைத் திருப்பி சமக்கோடு போடு, இவ்வளவுதான் விதி. குறைந்தபட்சம், குறைஞ்சது, இதெல்லாம் 'குறையாமல்' வீட்டுப் பிள்ளைங்க, ≥. அதிகபட்சம், மேற்படாமல் எல்லாம் 'மிகாமல்' வீடு, ≤. "18 வயது நிறைந்தவர்" ஓட்டுப் போடலாம்னா வ ≥ 18, பொறந்தநாள் அன்னிக்கே நிறைஞ்சாச்சு. "50 முதல் 60 வரை"ன்னா ரெண்டு முனையும் உள்ள, முழு எண்கள் 11. "50க்கும் 60க்கும் இடையில்"னா ரெண்டும் வெளிய, 9 எண்தான்.

(இந்தக் குறிகள் ஒண்ணும் ஆதிகாலத்துது இல்ல. = குறியை 1557ல வேல்ஸ்காரர் ராபர்ட் ரெக்கார்டு கொண்டு வந்தார். < > ரெண்டும் 1631ல தாமஸ் ஹாரியட்டோட புத்தகத்துல அச்சுல வந்துச்சு, அவர் செத்து 10 வருஷம் ஆனப்புறம்.)

தீர்க்கிறது சமன்பாடு மாதிரியேதான், ஒரு இடத்தைத் தவிர. குறை எண்ணால பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பும். ஏன்னு கேட்டா நான் போர்வெல்லைக் காட்டுவேன். 200 அடி, 300 அடின்னா 300 பெரிசு. ஆனா தரையில இருந்து கீழ, −200, −300ன்னு பார்த்தா −300தான் இன்னும் கீழ கிடக்கு, அதான் சிறிசு. குறை போட்டதும் மேல் கீழ் மாறிடுச்சு.

கையில 500 ரூபா, தினம் 35 ரூபா செலவு, கையில 150க்குக் குறையாம இருக்கணும், எத்தனை நாள் ஓட்டலாம்? 'குறையாம', அப்ப ≥.

500 − 35நா ≥ 150
−35நா ≥ −350
நா ≤ 10

கடைசி வரியில திருப்ப மறந்தா "குறைந்தது 10 நாள்"னு வரும், 20 நாள் ஓட்டினா கையில கடன்தான் இருக்கும். திருப்பற தலைவலி வேணாம்னா −35நா வைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுடுங்க, 350 ≥ 35நா, அதே விடை, குறி திருப்பவே வேண்டியதில்ல. நான் எப்பவும் இப்படித்தான்.

விடை பின்னமா வந்தா மேல தள்றதா கீழ தள்றதாங்கறதைக் கணக்கு சொல்லாது, கதைதான் சொல்லும். 130 பிள்ளைங்க டூர் போறாங்க, வேனுக்கு 12 பேர்: 12வே ≥ 130, வே ≥ 10.83, அப்ப 11 வேன், 10ன்னு எழுதினா பத்துப் பேர் ரோட்டுல நிப்பாங்க. 500 ரூபாய்க்கு 35 ரூபா நோட்டு: 35நோ ≤ 500, நோ ≤ 14.28, இங்க 14, பதினஞ்சாவதுக்குக் காசு பத்தாது. 0.5க்கு மேலன்னா மேல தள்ளுங்கற விதிக்கு இங்க வேலையே இல்ல.

சில சமயம் விடையே இருக்காது, அதுவும் விடைதான். மூணு டெஸ்ட்ல 62, 71, 58, நாலாவதையும் சேர்த்து சராசரி 65க்குக் குறையாம வரணும். 191 + ம ≥ 260, ம ≥ 69, முடியும். சராசரி 75 வேணும்னா 191 + ம ≥ 300, ம ≥ 109. 100 மார்க் பேப்பர்ல எங்க போய் 109 எடுக்கிறது. "இயலாது"ன்னு தைரியமா எழுதுங்க.

சொல்லாம ஒளிஞ்சிருக்கிற அசமன்பாடும் உண்டு. ஒரு செவ்வகத் தோட்டத்தோட நீளம் அகலத்தின் 2 மடங்கை விட 3 மீட்டர் குறைவு, சுத்தி வேலி போட இருக்கிற கம்பி 60 மீட்டருக்கு மிகாது. அகலம் 'அ', நீளம் 2அ − 3. சுற்றளவு 2(அ + 2அ − 3) ≤ 60, அதாவது 3அ − 3 ≤ 30, அ ≤ 11. முடிஞ்சுதா? அகலம் 1 மீட்டர்னு வச்சுப் பாருங்க, நீளம் −1 மீட்டர்! நீளம்னு ஒண்ணு இருக்கணும்னா 2அ − 3 > 0, அ > 1.5. அதோட 'நீளம்'னு சொல்லிட்டு அது அகலத்தை விடச் சின்னதா இருந்தா நல்லாருக்காது, 2அ − 3 ≥ அ ன்னு வச்சா அ ≥ 3. ஆக 3 ≤ அ ≤ 11. அ = 11 போட்டா நீளம் 19, சுற்றளவு சரியா 60, கம்பி முழுசும் தீந்துடும்.

மூணும் ஒண்ணா வர்ற கணக்கு

போன வாரம் இதைக் குடுத்தேன். குடியரசு தின அணிவகுப்புக்குப் பிள்ளைங்களை 6 பேர் வரிசையா நிறுத்தினாலும் 8 பேர் வரிசையா நிறுத்தினாலும் 9 பேர் வரிசையா நிறுத்தினாலும் 3 பேர் மிஞ்சுறாங்க. மொத்தம் 200க்கும் 250க்கும் இடையில. எத்தனை பேர்?

மிஞ்சின 3 பேரை நிழல்ல உக்கார வைங்க. மிச்சப் பேர் 6, 8, 9 மூணுக்கும் மடங்கு. மீ.சி.ம 72. ஒரு 72ஆ ரெண்டா மூணா தெரியாது, அதுக்கு 'ம'ன்னு வைப்போம். மொத்தம் 72ம + 3, இது கோவை. இடையில, அதனால

200 < 72ம + 3 < 250
197 < 72ம < 247

72ஆல வகுத்தா ம 2.7க்கு மேல, 3.5க்குக் கீழ, முழு எண்ணா 3 மட்டும்தான். 72 × 3 = 216, கூட 3, 219. திருப்பிக் கதைக்குள்ள போட்டுப் பார்க்கணும்: 219ஐ 6ஆல வகுத்தா 36, மிச்சம் 3. 8ஆல 27, மிச்சம் 3. 9ஆல 24, மிச்சம் 3. சரி.

இதையே மாத்தி, 6ல 5 பேர் மிஞ்சுறாங்க, 8ல 7 பேர், 9ல 8 பேர்னு குடுத்தேன். மிஞ்சினது ஒவ்வொண்ணும் வேற வேற, ஓரமா உக்கார வைக்க முடியல, எல்லாரும் நோட்டைக் கிறுக்கிக்கிட்டே இருந்தாங்க. கடைசியில, எப்பவும் கூட்டலா பெருக்கலான்னு கேக்குறவன், நோட்டை மூடி வச்சுட்டு விரலை மடக்கி விரிச்சுக்கிட்டு இருந்தவன், "அக்கா, பக்கத்து கிளாஸ்ல இருந்து இன்னும் ஒரே ஒரு பையனைக் கூப்பிட்டு நிறுத்திட்டா எல்லா வரிசையும் ரொம்பிடும்ல? அப்ப 216, அவனைத் திருப்பி அனுப்பினா 215"ன்னான்.